வாயால் விலை சொல்லாத மாடி

மார்ச் 4, திங்கள்

இன்றும் தூசி எச்சரிக்கை. ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடமே தெரியவில்லை. அலுவலகத்தில் எல்லோர் முகத்திலும் வெள்ளை மாஸ்க். காலைக் கூட்டத்தில் பாங் டீம் லீடர் ஏதோ சொன்னார். எல்லோரும் முனகினார்கள். நானும் தலையை ஆட்டி வைத்தேன். உதடு தெரியாவிட்டால் அவர் பேச்சில் எனக்குக் கிடைப்பது காற்று மட்டும்.

பக்கத்து மேஜை போமி அக்கா பிறகு செய்தியாக அனுப்பினார்: ஏப்ரல் முதல் தேதி முதல் மேஜை போன்கள் கிடையாது. வாடிக்கையாளர்களின் அழைப்பு எல்லாம் அவரவர் சொந்தக் கைபேசிக்கே வரும்.

நான் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வீடுகளுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தை வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனியின் கிளை இது. எந்த வீட்டுக்கு யார், என்றைக்குப் போய் வடிகட்டி மாற்ற வேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை. இதுவரை என் பங்கு எல்லாம் குறுஞ்செய்தியில் நடந்தது. ஏப்ரல் கடைசி வரை தகுதிகாண் காலம். அதற்குப் பிறகுதான் வைத்துக்கொள்வார்களா, அனுப்புவார்களா என்று தெரியும்.

தைரியத்தைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"சார், எனக்கு போன்ல வந்து..."

அவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார். குழந்தைக்குச் சொல்வதுபோல வாயை அகலமாகத் திறந்து, என் பெயரையே இரண்டாக உடைத்துச் சொன்னார்: "தா-சோல். நல்ல போனா ஒண்ணு வாங்கிக்கோ. அவ்ளோதானே?"

அவ்ளோதானே. இந்தச் சொல்லை எவன் கண்டுபிடித்தான்?

மார்ச் 5, செவ்வாய்

நேரில் எனக்கு வாய் வராது. அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

சார், எனக்கு ஏழு வயதிலிருந்து இரண்டு காதிலும் கருவி. என் கைபேசியைக் காதருகே கொண்டுபோனால் கருவிக்குள் ஈ புகுந்த மாதிரி ர்ர்ர்ர் என்று இரையும். அதற்குள் எங்கேயோ ஒரு மனிதக் குரல் மூழ்கிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கரில் போட்டால் அறை முழுக்கக் கேட்கும், எனக்கு மட்டும் புரியாது. கருவிக்குள் ஒரு சின்னச் செம்புச் சுருள் இருக்கிறது. பொத்தானை அழுத்தி அதற்கு மாற்றினால் சுற்றியிருக்கும் சத்தமெல்லாம் அடங்கி, போனில் வருவது மட்டும் நேராகத் தலைக்குள் வரும். அதற்கு போனும் ஒத்துவர வேண்டும். சில போன் ஒத்துவரும், சில ஒத்துவராது. எது ஒத்துவரும் என்று பெட்டி மேல் எழுதியிருக்காது. காதில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

போனோடு தானே பேசிக்கொள்ளும் புதுக் கருவி வாங்கேன் என்பார்கள். கருவிக்கு அரசு உதவி ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. என்னுடையதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. ஆகவே காதை மாற்ற முடியாது, சார். போனைத்தான் மாற்ற முடியும்.

இதுதான் உங்கள் அவ்ளோதானே.

மார்ச் 7, வியாழன்

சாப்பாட்டு இடைவேளையில் காதுக் கருவி மையத்துக்கு ஓடினேன்.

"எந்த போன் ஒத்துவரும்னு நாங்க எப்படிம்மா சொல்றது? அது போன் கம்பெனிக்காரங்க விஷயம்" என்றார் அங்கிருந்தவர். கழுத்தில் மாட்டும் வளையம் ஒன்று இருக்கிறதாம், அது எந்த போனோடும் வேலை செய்யுமாம், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமாம். எப்போது வரும்? மே கடைசி.

போன் கம்பெனியின் இணையதளத்தில் கேட்டேன். உடனே பதில் வந்தது. அன்பான வாடிக்கையாளரே, காதுக் கருவி பற்றிய சந்தேகங்களுக்கு எங்களை போனில் அழையுங்கள்.

படித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

மாலையில் அம்மாவின் கடைக்குப் போனேன். சந்தையில் தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்கள் விற்கும் கடை. அம்மா முழங்கை வரை மிளகாய் விழுதோடு இருந்தார். "விடு, நான் கேக்கறேன்" என்று தன் போனை கிம்ச்சி ஊறுகாய் வாளி மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். என் போனில் எழுத்துச் செயலி இருக்கிறது, பேச்சு எழுத்தாக ஓடும்; அலுவலக இரைச்சலில்தான் உதவாது. அதைத் திறந்து பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

"பேசறது தாசோல் அவங்கதானா?" என்றாள் அந்தப் பக்கத்துப் பெண்.

"ஆமாங்க. நான்தான் தாசோல்" என்றார் அம்மா.

நான் கையை ஆட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பிறந்த தேதி சொன்னார், விலாசம் சொன்னார்.

"கடைசியா எந்தத் திட்டத்துக்கு மாறினீங்க மேடம்?"

"அதெல்லாம் எம் பொண்ணுதான்..."

செயலியில் வெறும் புள்ளிகள்.

"மேடம், நீங்க அவங்க அம்மாவா?"

"இல்ல இல்ல. நான்தான் பொண்ணு. எனக்குச் சளி பிடிச்சிருக்கு."

இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அம்மா மீண்டும் அழைத்தார். இந்த முறை குரலை மெல்லிசாக்கி, ஸ்கூல் பிள்ளை மாதிரி. பக்கத்துக் கடைக்காரர் மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அம்மா மூன்றாம் முறையும் அழைத்தார். என் போன் கணக்கையே பூட்டிவிட்டார்கள்.

"உனக்காகத்தானேடி பேசினேன்?"

"எனக்காகப் பேசு. என்னை மாதிரிப் பேசாதே."

"காலேஜ் படிச்ச பொண்ணு பேசற பேச்சைப் பாரு" என்று அம்மா முள்ளங்கியிடம் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்தவள் நான் ஒருத்திதான். திட்டும்போதும் அம்மா அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார். அதனாலேயே முழுதாகக் கோபப்பட முடியவில்லை. அதுவும் ஒரு கோபம்.

மார்ச் 9, சனி

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடை. வரிசையாக போன்கள், பளபளவென்று. ஒன்றை எடுத்துக் காதில் வைத்தேன். எடையே இல்லை. பிளாஸ்டிக். திரையில் ஒட்டியிருப்பது காகிதம்.

"எல்லாம் டம்மிதாங்க" என்றான் கடைப் பையன். மாஸ்க். மூன்று முறை சொல்லச் சொல்லிப் புரிந்துகொண்டேன்.

உண்மையான போனைக் காதில் வைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். பெட்டியைப் பிரித்து நம் எண்ணை அதில் ஏற்றிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். பிரிக்காமல் எப்படிக் கேட்பது? அவன் தோளைக் குலுக்கினான். காகிதத் திரையைக் காதில் வைத்து நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் போல.

பிறகு அவன் என் காதைப் பார்த்தான். முடியை ஒதுக்கியிருந்தது என் தப்பு. முகம் மலர்ந்து கீழ்த் தட்டிலிருந்து ஒரு மடக்கு போனை எடுத்து வைத்தான். பெரிய பெரிய எண்கள். திறந்து மூடும் ரகம். பிள்ளைகள் வயதான பெற்றோருக்கு வாங்கித் தருவது. கடைகளில் அதற்குப் பெயரே 'பெத்தவங்க போன்'.

"காது கேக்காதவங்களுக்கு இதாங்க. எங்க தாத்தாவும் இதான் வெச்சிருக்கார்."

எனக்கு இருபத்தைந்து வயது. வெளியே வந்துவிட்டேன். நான் எப்போது பதில் சொல்லியிருக்கிறேன்?

மார்ச் 12, செவ்வாய்

போமி அக்கா கேட்டார்: "போன் பாத்துட்டியா?" பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

மார்ச் 16, சனி

எலெக்ட்ரானிக்ஸ் கட்டடத்தின் ஒன்பதாவது மாடிக்குப் போனேன். மாடி முழுக்க போன் கடைகள். அங்கே அனுமதித்த அளவைத் தாண்டித் தள்ளுபடி தருவார்கள். அது சட்டத்துக்கு விரோதம். குரலைப் பதிவு செய்து காட்டிக்கொடுப்பவர்களுக்குப் பரிசு உண்டு. அதனால் அந்த மாடியில் யாரும் விலையை வாயால் சொல்வதில்லை. கால்குலேட்டரை நம் பக்கம் தள்ளுவார்கள். நாம் ஓர் எண்ணை அடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர்கள் அழித்துவிட்டு வேறொன்று அடிப்பார்கள். அவ்வளவு பெரிய கூடத்தில் பேரம் முழுக்க விரல்களில் நடக்கிறது.

ஓர் ஐந்து நிமிடம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்! என் வாழ்க்கையில் முதல் முறையாகக் காது கேட்கிறவர்கள் எல்லோரும் என்னை மாதிரி நடந்துகொள்ளும் ஓர் இடம். எனக்கு எதுவும் தவறிப் போகவில்லை. மஞ்சள் சாயம் பூசிய முடியோடு ஒருவன் எண் அடித்தான், நானும் அடித்தேன், அவன் புருவத்தைத் தூக்கினான், நானும் தூக்கினேன்.

பிறகுதான் காதுக் கருவி பற்றிக் கேட்க வேண்டியிருந்தது. அதைக் கால்குலேட்டரில் கேட்க முடியாது. வாயால் கேட்டேன். அவன் மாஸ்க்குக்குள் நீளமாக ஏதோ சொன்னான். எழுத்துச் செயலியைத் திறந்து போனை மேஜை மேல் வைத்தேன். அவன் பேசப் பேச அவனுடைய சொற்கள் திரையில் ஓடின.

அவன் அதைப் பார்த்தான். பேச்சு நின்றது. என் காதைப் பார்த்தான். முகத்திலிருந்த இரத்தமெல்லாம் போய்விட்டது. சட்டென்று மாஸ்க்கை இழுத்துவிட்டுக் கத்தினான். அதனால் இது மட்டும் எனக்குத் தெளிவாகக் கிடைத்தது:

"ரெக்கார்டிங்! ரெக்கார்ட் பண்றாடா! காதுல பாரு, மிஷின் மாட்டிட்டு வந்திருக்கா!"

வரிசை முழுக்க கால்குலேட்டர்கள் இழுப்பறைக்குள் போயின. ஒருவன் தன் போனைத் தூக்கி என்னைப் படம் எடுத்தான். நான் "இல்ல, இது வந்து, எனக்கு" என்று தடுமாறினேன். பதற்றத்தில் என் உச்சரிப்பு குழறும். குழறியது. மஞ்சள் முடிக்காரன் அதே மாதிரி குழறிக் காட்டினான். "நடிப்பைப் பாரு!"

அடுத்த வரிசைக்குப் போனேன். அங்கே இருந்தவன் தன் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அந்தத் திரையில் நான். கடைக்காரர்களின் குழுவில் என் படம், என் சாம்பல் கோட்டு, வாய் பாதி திறந்தபடி. கடையைத் தாண்டும் முன்பே அங்கேயும் கால்குலேட்டர் மறைந்தது.

பதினெட்டு வருடமாக நான் இந்தக் கருவியை முடிக்குள் ஒளித்து வைத்தேன். அது என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். கடைசியில் நான் எவனையோ காட்டிக்கொடுக்க வந்தவள் என்கிறார்கள்.

மார்ச் 17, ஞாயிறு

அம்மா கேட்டார். சொன்னேன். அம்மா கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "எந்த மாடி? அந்த மஞ்சள் மண்டையை மொட்டையடிச்சிட்டு வர்றேன்." கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் சிரித்தேன். பிறகு மறுபடி கோபம் வந்தது.

மார்ச் 19, செவ்வாய்

பாங் டீம் லீடர் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். மாஸ்க்கைக்கூடக் கழற்றினார்.

"போன் இன்னும் ஆகலையாமே?"

"பாத்துட்டு இருக்கேன் சார்."

"பாரு, நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. ஆனா ஒத்து வரலைன்னா ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் சங்கடப்படுத்திக்க வேணாம். கிடங்குல வடிகட்டி பிரிக்கற வேலை ஒண்ணு இருக்கு. அங்க போனே கிடையாது. நிம்மதி."

யாருக்கு நிம்மதி? நான் கேட்கவில்லை. "சரி சார்" என்றேன். வெளியே வந்து என்னையே கிள்ளிக்கொண்டேன். சரி சாராம். எதுக்குடி சரி? கிடங்கு வேலைக்கு நான்கு வருடம் புள்ளியியல் படித்தாயா?

மார்ச் 21, வியாழன்

அழைப்புகளைக் கைபேசிக்கு மாற்றிச் சோதனை நடத்தினார்கள். என் பங்கை போமி அக்கா தன் எண்ணுக்குத் திருப்பிக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. அவருக்கு அது உதவி.

நான் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போனை எடுத்து, வளைந்து கும்பிட்டுச் சிரித்தபடி சொன்னார்: "வணக்கம், தாசோல் பேசறேன்."

"எதுக்குக்கா என் பேரைச் சொன்னீங்க?" என்றேன்.

"அட, அட்டவணையில உன் பேருதானே இருக்கு? யாருக்குத் தெரியப் போகுது? விடு, இந்த மாதிரியே ஓட்டிடலாம்."

நல்லவர். உண்மையிலேயே நல்லவர். எனக்குத்தான் அந்த நல்ல முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த ஊரில் இப்போது இரண்டு பேர் தாசோலாகப் பேசுகிறார்கள். அந்த இரண்டு பேரில் நான் இல்லை.

மார்ச் 23, சனி

முடியை உயரத் தூக்கிக் கட்டினேன். இரண்டு காதும் வெளியே. அதே சாம்பல் கோட்டு. அடையாளம் தெரியட்டும்.

ஒன்பதாவது மாடி. மின்படிக்கட்டு முடியும் இடத்திலேயே ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். எனக்கு முன்னால் இழுப்பறைகள் மூடிக்கொண்டே போயின. நேராக மஞ்சள் முடிக்காரனின் மேஜைக்குப் போனேன்.

"மேடம், நாங்க உங்ககிட்ட எதுவும்..." என்று ஆரம்பித்தான்.

பதில் சொல்லாமல் வலது காதுக் கருவியைக் கழற்றினேன். உயிரோடு. அணைக்காமல். உள்ளங்கையில் வைத்துக் கையைக் குவித்தேன்.

கருவியைக் கழற்றிக் கையில் மூடினால் அது விசிலடிக்கும். ஊசி மாதிரிக் குத்தும் சத்தம். பள்ளியில் அதனால் எத்தனை நாள் அழுதிருக்கிறேன். எனக்கு அதில் பாதிகூடக் கேட்காது. கேட்பவர்களின் முகத்தில்தான் அதன் அளவு தெரியும். யாரும் வாய் திறக்காத அந்தக் கூடத்தில் வரிசை வரிசையாக முகங்கள் சுருங்கின. ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இதுதான் என் ரெக்கார்டர்" என்றேன். குழறியது. பரவாயில்லை. மறுபடி சொன்னேன். "கேட்டுக்கோங்க. எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க."

மஞ்சள் முடிக்காரன் மாஸ்க்கைக் கழற்றினான். மாஸ்க்குக்குக் கீழே என்னைவிடச் சின்ன வயது முகம்.

"ஐயோ... நிஜமாவே காது மிஷினா?"

"என் படத்தை அழிங்க."

அழித்தான். மற்றவர்களையும் அழிக்கச் சொல்லிக் கத்தினான். பிறகு இடுப்பு வரை வளைந்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான். ஒரு முறை, இன்னொரு முறை. "போன மாசம்தான் இப்படி ஒருத்தன் வந்து எங்க மாமா கடையையே மூட வெச்சிட்டான், அதான் பயந்து போய்..." எனக்கு அந்தத் தலை உச்சி தேவைப்படவில்லை. அங்கே கறுப்பு முடி வளர்ந்துகொண்டிருந்தது.

"மன்னிப்பு வேணாம். உங்க போனைக் குடுங்க."

"என்ன?"

"விக்கிற போன் இல்ல. உங்க சொந்த போன். பிரிச்சது. எண் ஏத்தினது. காதுல வெச்சுப் பாக்கணும். இங்க இருக்கற எல்லாரோடதும்."

அவ்வளவு நீளமான வாக்கியத்தை முன்பின் தெரியாத ஒருவனிடம் நான் இதற்கு முன் சொன்னதில்லை.

கருவியை மறுபடி மாட்டிக்கொண்டேன். அவர்கள் கொடுத்தார்கள். போன் விற்கிறவர்கள் ஆளுக்கொரு ரகம் வைத்திருக்கிறார்கள். ஒருவன் கூடத்தின் மறுகோடிக்குப் போய் அழைப்பான், நான் சுருளுக்கு மாற்றிவிட்டு ஒவ்வொரு போனாகக் காதில் வைப்பேன். புத்தம் புதியது, முழுக்கக் கண்ணாடி: ர்ர்ர்ர். அதைவிட விலை கூடியது: ர்ர்ர்ர், நடுவே ஒரு முனகல். மடங்காத, வளைந்த, தண்ணீரில் போட்டாலும் கெடாத எல்லாமே அதே ஈ இரைச்சல். சுற்றி நின்றவர்களுக்குச் சூதாட்டம் மாதிரி ஆகிவிட்டது. "என்னோடது? என்னோடதுல?" என்று முகத்தைப் பார்ப்பார்கள். நான் இல்லை என்று தலையசைத்தால் "சே!" என்பார்கள்.

கடைசியில் மூலைக்கடையில் இருந்த ஓர் அக்கா தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். மடக்கு போன். பெத்தவங்க போன்.

"எனக்கு வேற போன் எல்லாம் ஒத்து வராதும்மா. மூடினா பேச்சு முடிஞ்சுதுன்னு தெரியணும்" என்றார்.

வேண்டா வெறுப்பாகத் திறந்து காதில் வைத்தேன்.

"...தொட்டுச் சாப்பிடணும்னு சொன்னேன், கேக்கலை, அந்த முட்டாள் சாஸை மொத்தமா இறைச்சி மேல கொட்டிட்டான், நமத்துப் போச்சு, பாதிக் காசு நான் குடுத்தது..."

நிமிர்ந்து பார்த்தேன். கூடத்தின் மறுகோடியில் குட்டையான ஒருவன், முதுகைக் காட்டிக்கொண்டு, என்ன பேசுவதென்று தெரியாமல், மத்தியானம் வரவழைத்த பன்றி வறுவலைப் பற்றித் திட்டிக்கொண்டிருந்தான். உதடு தெரியவில்லை. ஈ இல்லை. ஒவ்வொரு சொல்லும் என் தலைக்குள்.

"மொத்தமாவா கொட்டினான்?" என்று கேட்டேன் போனில்.

அவன் துள்ளித் திரும்பினான்.

எல்லோரும் கைதட்டினார்கள். மஞ்சள் முடிக்காரன் ஓடிப்போய் அந்த ரகத்தின் பெட்டியை எடுத்து வந்து கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினான்.

நான் வாங்கவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

ஏன் வாங்கவில்லை? தாத்தா போன் என்பதால். ரயிலில் அதைத் திறந்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால். ரயில் நிலையக் கடைப் பையன் சொன்னது சரியாகிவிடும் என்பதால். அவன் என் காதுக்காக அதைக் காட்டவில்லை, காது மிஷினைப் பார்த்துக் கிழவி என்று முடிவு கட்டித்தான் காட்டினான். அது தற்செயலாக ஒத்துவந்தால் அவனுக்கு எதற்கு அந்த வெற்றி?

அம்மாவிடம் சொன்னேன். முள்ளங்கி நறுக்கிக்கொண்டே கேட்டார்: "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் எவன் வெற்றின்னா உனக்கு என்னடி?"

இந்த அம்மாவோடு சண்டை போடவும் முடிவதில்லை.

மார்ச் 30, சனி

ஒன்பதாவது மாடிக்கே போய் வாங்கிவிட்டேன். சிவப்பு நிறம் இருந்தது. சிவப்பையே எடுத்தேன்.

ஆனால் எண் ஏறவில்லை. அம்மா மூன்று முறை நானாகப் பேசிய புண்ணியத்தால் என் கணக்கில் 'ஆள்மாறாட்ட சந்தேகம்' என்று குறித்து வைத்திருக்கிறார்கள். பூட்டைத் திறக்க வேண்டுமென்றால் அவர்களே அழைத்துக் குரலில் உறுதி செய்ய வேண்டுமாம். மூலைக்கடை அக்கா தன் போனுக்கு அழைக்கச் சொன்னார். வந்தது. நானே எடுத்தேன்.

பிறந்த தேதி சொன்னேன். விலாசம் சொன்னேன். கடைசியாக மாறிய திட்டத்தையும் சொன்னேன். அந்தப் பெண்ணின் விசைப்பலகைச் சத்தம்கூடக் கேட்டது.

"மன்னிக்கணும் மேடம். இதுக்கு முன்னாடி தாசோல்னு பேசினவங்க குரல் வேற மாதிரி இருந்ததா குறிப்பு இருக்கு. வயசானவங்க குரல். உங்க குரலும் கொஞ்சம்... வித்தியாசமா இருக்கே? நீங்க அவங்கதான்னு எப்படி..."

"அது எங்கம்மா!" என்று கத்தினேன். "என் குரல் இப்படித்தான் இருக்கும்! பொறந்ததுல இருந்து இப்படித்தான்! தாசோல்னா இந்தக் குரல்தான், அதை எழுதிக்கோங்க!"

ஒன்பதாவது மாடி மொத்தமும் என்னையே பார்த்தது. மஞ்சள் முடிக்காரன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"எழுதிக்கிட்டேன் மேடம். பூட்டை எடுத்துடறேன்" என்றாள் அந்தப் பெண், சின்னக் குரலில். அந்தச் சின்னக் குரலும் கேட்டது.

ஏப்ரல் 1, திங்கள்

முதல் அழைப்பு. ஒரு கிழவர். இயந்திரம் ஒழுகி மரத்தரை உப்பிவிட்டது. என்னைத் திட்டினார், என் கம்பெனியைத் திட்டினார், என்னைப் படிக்க வைத்த வாத்தியாரைத் திட்டினார். 'பனங்கொட்டைத் தலை' என்றார். ஒன்றுவிடாமல் கேட்டது. சிரிப்பு வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். மத்தியானமே ஆள் அனுப்பினேன்.

வைக்கும்போது போனைப் பட்டென்று மூடினேன். இந்த போனில் கோபத்தை மூடிக் காட்ட முடிகிறது. கண்ணாடி போன் வைத்திருப்பவர்களுக்கு இது கிடையாது.

ஏப்ரல் 3, புதன்

என் அழைப்புகளில் பாதி இன்னும் போமி அக்காவுக்கே போகிறது. எல்லாவற்றையும் எனக்கே திருப்பும்படி அவரிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "உனக்கு நல்லதுதானேடி செஞ்சேன்?" ஆமாம் அக்கா என்றேன். திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

போமி அக்கா மறுபடி பேச ஆரம்பித்தார். என் போனைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். "சத்தம் நல்லாருக்குடி" என்றார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

மீண்டும் தூசி. மீண்டும் கண்ணாடி அறை. பாங் டீம் லீடர் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். ஏதோ சொன்னார். 'தகுதிகாண் இன்னும் மூணு மாசம்' என்பது மட்டும் கிடைத்தது. அதற்குப் பின்னால் வந்தது தொகை என்று கண்ணிலேயே தெரிந்தது.

வழக்கமாக நான் "சரி சார்" சொல்லும் இடம் அது.

மேஜை மேல் கால்குலேட்டர் இருந்தது. எடுத்து அவர் பக்கம் தள்ளினேன்.

"மாஸ்க்குக்குள்ள சொன்னா எனக்குப் பாதிதான் வரும் சார். இதுல அடிங்க."

அவர் ஓர் எண் அடித்தார். தகுதிகாண் காலத்துக்குத் தரும் அதே சம்பளம். நான் அதை அழித்தேன். விளம்பரத்தில் நிரந்தர வேலைக்கு என்ன போட்டிருந்தார்களோ அதை அடித்துத் திருப்பி வைத்தேன். அவர் அழித்துவிட்டு நடுவில் ஒன்று அடித்தார். நான் அழித்துவிட்டு என் எண்ணையே மறுபடி அடித்தேன். புருவத்தைத் தூக்கினேன்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

அவர் மாஸ்க்கைக் கழற்றியிருந்தார். முகம் சிவந்திருந்தது. கோபமாகத்தான் இருந்தார். நல்லது.

"அப்போ மூணு மாசம்னு சொன்னீங்களே, அது?" என்றேன்.

"மூணு மாசம் கிடையாது" என்றார், ஒவ்வொரு சொல்லாக. "இந்த மாசம் உன் பேர்ல ஒரு புகார்கூட வரலை. மேலிடத்துக்கு நாளைக்கே எழுதிடறேன். நிரந்தரம். போதுமா? அந்த எண்ணை அழிச்சுத் தொலைக்காதே, நான் குறிச்சுக்கறேன்."

அவர் குறித்துக்கொண்டிருக்கும்போதே என் பாக்கெட்டில் போன் அடித்தது. ஒரு நிமிஷம் சார் என்று கையைக் காட்டினேன். அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். திறந்தேன்.

"வணக்கம். தாசோல் பேசறேன்."